உபசார வேண்டாம்

தவமணியின் தலையை நான்காவது முறையாகத் திறப்பதென்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை, காலை ஏழு மணி. அதற்கு அவளுடைய சம்மதம் வேண்டுமல்லவா, அதைத் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு வாங்கினார்கள். வாங்கினார்கள் என்றால், அவள் கணவர் அருளப்பன் அவளுடைய வலது காதருகே குனிந்து கேட்டார். உலகநாயகி படிவத்தில் குறித்துக்கொண்டாள். தலைமாட்டில் பழைய வானொலிப் பெட்டி அளவுக்கு இருந்த கருவி பதில் சொன்னது.

முதல் முறை கேட்டபோது கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது முறையும் சிவப்புதான். மூன்று முறை கேட்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவளே உலகநாயகிதான். அருளப்பன் மனைவியின் கையைத் தடவிக்கொடுத்தார்.

"தவம், இதான் கடைசி. இத மட்டும் பண்ணிட்டா நீ முழுசாப் பேசிடுவ. எனக்காக" என்றார்.

விளக்கு சற்று நேரம் எதையும் காட்டாமல் இருந்தது. பிறகு பச்சை எரிந்தது. யாரோ ஒரு பெண்ணின் குரலில் கருவி "வேண்டும்" என்றது. அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயகியைப் பார்த்துச் சிரித்தார். அவள் படிவத்தில் 'மூன்றாம் கேள்வி, சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு மாதமாக இந்த வேலையைச் செய்கிறாள். கை தானாக எழுதிவிடுகிறது.

இரண்டரை வருடத்துக்கு முன்பு வரை தவமணி அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல்கடை வைத்திருந்தாள். ரவிக்கைக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் வந்தவளின் வீட்டு வம்பு முழுவதையும் வாங்கிவிடுவாளாம். அப்படி வாயாடியவளுக்கு ஒரு நாள் மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் மிஞ்சியது, அறிவு மிஞ்சியது, காது கேட்டது. மற்றதெல்லாம் போய்விட்டது. இப்படி முடங்கியவர்கள் கண்ணைச் சிமிட்டியாவது ஆமாம், இல்லை என்று சொல்வதுண்டு. தவமணிக்கு இமைகூடச் சொன்னபடி கேட்கவில்லை. விருப்பமானி மட்டும் வந்திருக்காவிட்டால் உள்ளே ஒருத்தி விழித்திருக்கிறாள் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

விருப்பமானி என்பது கருவியின் பெயர். அந்தப் பெயரும் நாயகி வைத்ததுதான். மருத்துவக் கல்லூரி, மின்னணுவியல் துறை, மொழியியல் துறை என்று பல்கலைக்கழகத்தின் மூன்று மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து செய்தது அது. மண்டையோட்டுக்கு அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு மெல்லிய தகடு. ஒருவர் பேசுவதற்கு முன்பு, சொல் என்று ஒன்று உருவாவதற்கும் முன்பு, மனம் ஒரு பக்கமாகச் சாய்கிறதே, அந்தச் சாய்வைப் படித்து வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடும். வெறும் ஆம், இல்லை மட்டும் போதாது, முழு வாக்கியம் வரவேண்டுமென்றால் இன்னும் ஆழமாக இன்னும் சில தகடுகள் வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் திறப்பும் மூடலும். இரண்டாவது முறை திறந்தபோது மூன்று வாரம் காய்ச்சல். மூன்றாவது முறை இடது காது போனது. அதனால்தான் அருளப்பன் வலது காதருகே குனிகிறார்.

உலகநாயகிக்கு ஐம்பத்தொரு வயது. மொழியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். இந்தக் கௌரவம் ஒவ்வொரு ஜூன் மாதமும் காலாவதியாகி, யாராவது மனம் வைத்தால் ஜூலையில் புதுப்பிக்கப்படும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். இவ்வளவு பெரிய பெயரை வைத்த அப்பா என்ன நினைத்து வைத்தாரோ, அந்தப் பெயரின் முழுக் கம்பீரமும் வருகைப் பதிவேட்டில் மட்டுமே மிஞ்சியிருந்தது. காலையில் திருச்சியில் பேருந்து ஏறும்போதே சாயங்காலத்தின் களைப்பு வந்துவிடும். தூங்கினாலும் தீராத களைப்பு அது. யார் எந்த வேலையைக் கொண்டுவந்து தலையில் கட்டினாலும் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வாள். துறையில் அதற்காகவே அவளைப் பிடிக்கும்.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவள் பேச்சுக்கு மேசை முழுவதும் திரும்பியிருக்கிறது. வெளிநாட்டில் செய்த முதல் கருவியை இங்கே சோதித்துப் பார்த்துப் படுதோல்வி கண்டிருந்த நேரம். டீ வேண்டுமா என்று கேட்டால் சோதனைக்கு வந்த அத்தனை பேர் மூளையும் வேண்டாம் என்றது. டீயைக் கொண்டுவந்து வைத்தால் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள். பொறியாளர்கள் கம்பியில் கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கடைசி நாற்காலியில் இருந்த நாயகிதான் சொன்னாள்: கோளாறு கம்பியில் இல்லை, நம் ஊரில் யார் வீட்டிலாவது முதல் வேண்டாமை யாராவது வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்களா? கேட்டவுடன் சரி என்றால் பறக்காவெட்டி என்று நினைத்துவிடுவார்களோ என்று நாம் குழந்தையிலிருந்தே வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறோம். அது நாக்கில் மட்டுமில்லை, மூளையிலேயே பழகிவிட்டது. அது உபசார வேண்டாம். நிஜ வேண்டாம் வேறே.

திட்டத்தின் தலைவர் டாக்டர் கனகசபாபதி எழுந்து நின்று கைதட்டினார். அறுபத்து மூன்று வயது நரம்பியல் நிபுணர், சுலபமாகக் கைதட்டுகிற ஆளில்லை. கருவிக்கு இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுப்பது நாயகியின் பொறுப்பு என்று அங்கேயே முடிவானது.

எப்படிக் கற்றுக்கொடுப்பது? மனிதனிடம் ஒரு நாளில் அதிகமான தடவை வேண்டுமா என்று கேட்கப்படுகிற இடம் பந்திதான். விருந்தினர் மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினோரு மாதம் இலை போட்டார்கள். அலுவலகத்திலும் நூலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் அறுபது பேர், தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறியவள் நாயகி. ஆராய்ச்சி என்ற பெயரில் பதினோரு மாதம் சாம்பார் ஊற்றினேன் என்று பின்னால் அவளே சொல்லிச் சிரிப்பாள். இன்னும் கொஞ்சம் என்பாள், வேண்டாம் என்பார்கள், மறுபடி கேட்பாள், மறுபடி வேண்டாம். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுப் போட்டுவிடுவாள். இலையில் விழுந்ததைச் சாப்பிட்டால் அது உபசார வேண்டாம், பச்சை. ஒதுக்கிவைத்தால், இலையை மூடினால் நிஜ வேண்டாம், சிவப்பு. இப்படிப் பதினாலாயிரம் மறுப்புகளைத் தன் கையால் தரம் பிரித்தாள். கருவி கற்றுக்கொண்டது. கட்டுரை வெளியானது. இன்று ஆறு மருத்துவமனைகளில் நாற்பத்தொரு பேர் அந்தக் கருவியின் வழியாகத்தான் ஆமாம் என்கிறார்கள், இல்லை என்கிறார்கள்.

தவமணியின் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நாயகி அன்று கேன்டீனுக்குச் சாப்பிடப் போனாள். எதிரில் நூலக உதவியாளர் பச்சையம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த அறுபது பேரில் இவளும் ஒருத்தி. பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தத் தொப்பிச் சாப்பாட்டுக்கு வந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் தனக்குச் சர்க்கரை ஏறிப்போனதைப் பச்சையம்மாள் வேடிக்கையாகச் சொன்னாள். நாயகிக்குப் புரியவில்லை. உங்களுக்குப் பாயசம் என்றால் உயிராயிற்றே அக்கா என்றாள்.

பச்சையம்மாள் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தாள்.

"எனக்கா? நாங்க எங்க கேட்டோம். மூணு தடவ வேணாம்னு சொன்னேன் நாயகி. நீ கரண்டியோட நின்னுக்கிட்டே இருந்த. பாவம், நீயும் ஆசையாத்தான் போட்ட. எத்தன தடவதான் வேணாம் வேணாங்கிறது, வாய் வலிக்குது. போட்டுத் தொலையட்டும்னு விட்டுட்டேன். எலையில விழுந்தத வீசுறதுக்கு மனசு வருமா? தின்னுட்டு வீட்டுக்குப் போயி மாத்திரைய ரெண்டாப் போட்டுக்குவேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ரசத்துக்குப் போய்விட்டாள். நாயகி மிச்சச் சோற்றோடு இலையை மூடினாள். பச்சையம்மாளின் பதிவுகள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. பாயசத்துக்கு எல்லாமே பச்சை. ஓரத்தில் பென்சிலால் 'பாயசப் பிரியை' என்றுகூட எழுதி வைத்திருந்தாள்.

கையைக் கழுவிவிட்டு நேராக மின்னணுவியல் கட்டடத்துக்கு நடந்தாள். கருவியின் மூளையை எழுதியவன் இர்ஷாத். முப்பத்து நான்கு வயது, உதவிப் பேராசிரியர், ஆறு மாதக் குழந்தையால் சரியாகத் தூங்கி ஆறு மாதமான ஆள். அவள் சொன்னதை முதலில் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு அம்மாவின் பாயசத்துக்காகப் பதினாலாயிரத்தைச் சந்தேகப்பட முடியுமா என்றான். பச்சை என்று அவள் குறித்ததை மட்டும் தனியாக எடுத்து, அதற்குள்ளே வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கும்படி கருவியிடம் இதுவரை கேட்டதுண்டா என்று நாயகி கேட்டாள். கேட்டதில்லை. நாலரை மணி வாக்கில் திரையில் புள்ளிகள் வந்து விழ ஆரம்பித்தன. இர்ஷாத் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"இது ஒரே பச்சை இல்ல மேடம். ரெண்டு கூட்டமாப் பிரியுது. இந்தப் பக்கம் இருக்கறவங்க மரியாதைக்கு வேணாம்னு சொன்னவங்க. உள்ளுக்குள்ள ஆசை இருக்கு, அது பளிச்சுனு தெரியுது. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு அது இல்லவே இல்ல."

"அப்ப அவங்களுக்கு என்னதான் தெரியுது?"

"எதுவும் தெரியல. வேணாம்ங்கிறது கொஞ்சங் கொஞ்சமா மங்கி, மூணாவது தடவ கேக்கும்போது அணைஞ்சு போயிருக்கு. அதுக்குப் பதிலா வேற எதுவும் வரல." அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "தெம்பு இல்லாம விட்டுட்டாங்க மேடம். அதுக்கு நாம சம்மதம்னு பேர் வச்சிருக்கோம்."

"நாம இல்ல. நான் வச்சேன்" என்றாள் நாயகி.

பத்துக்கு நான்கு பேர் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள்.

இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்ட ஊரில், சாப்பிட்டுவிட்டார்கள் என்பதையே விருப்பத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். தினமும் எதையாவது வேண்டாமல் விழுங்குகிற ஒருத்தி செய்திருக்கிறாள். நாயகிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த நிமிடம் அவள் நினைப்பு தவமணியின் கட்டிலுக்குப் போய்விட்டது.

தவமணியின் பதினான்கு மாதப் பதிவுகளையும் புதிய பிரிப்போடு ஓட்டிப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆனது. அவள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு முறை வேண்டும் என்று சொன்னதாகக் கணக்கு. அதில் விருப்பம் என்று சொல்லத்தக்கது ஒன்பது. எட்டு முறை, 'இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாமா' என்று நாயகி கேட்டதற்கு. ஒரு முறை, மின்விசிறியைக் குறைக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு. முதல் தகடு வைத்தது கணவர் கையெழுத்தில்; அதற்குப் பிந்தைய இரண்டு அறுவைச் சிகிச்சைக்கும் அவள் கொடுத்த சம்மதம் அந்த ஒன்பதில் இல்லை. திங்கட்கிழமைச் சம்மதமும் இல்லை. இர்ஷாத் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தான். ஒரே ஒரு தாள்தான்.

புதன்கிழமை பத்து மணிக்கு நாயகி அதை டாக்டர் கனகசபாபதியின் மேசையில் வைத்தாள். வெளியே புறநோயாளிகள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. அவர் இரண்டு முறை படித்தார். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கருவியைப் பற்றி அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. படித்து முடித்து மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் பேச்சிழந்தவர்களின் கட்டிலருகே நின்று நின்று இந்த ஒரு கருவிக்காகக் காத்திருந்தவர்.

தவறு நடந்திருக்கிறது, மறுக்கவில்லை என்றார். திருத்தம் கட்டாயம் வெளியிட வேண்டும் என்றார். ஆனால் வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கட்டும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாயகி, வேண்டாம் சார், நாளைக்கு அந்த அம்மாவின் தலையைத் திறக்கப் போகிறோம் என்றாள்.

அவர் டீ வரவழைத்தார். நிதானமாக, நியாயமாகப் பேசினார். நாற்பத்தொரு குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். நேற்று வரை வாங்கிய சம்மதம் ஒன்றும் செல்லாது என்று இன்றைக்குச் சொன்னால் அந்த நாற்பத்தொரு பேர் வீட்டிலும் என்ன நடக்கும் என்று கேட்டார். நாயகி மறுபடியும், இல்லை சார், நிறுத்திவிடலாம் என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உலகநாயகி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்றார் அவர். "நாளைக்கு வைக்கிற தகட்டோட அவங்க வாக்கியமாப் பேசிடுவாங்க. அப்புறம் நமக்கு இந்தச் சிவப்பு, பச்சையே வேணாம். எனக்கு வேணாம்னு அவங்களே சொல்லட்டும், நம்மளத் திட்டட்டும், கேஸ் போடட்டும். அவங்க பேசறதுக்கு இருக்கற ஒரே வழிய, அவங்க பேசல்லேங்கற காரணத்துக்காக அடைக்கப் போறீங்களா? ஒரு வாரம்தான் கேக்கறேன்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் யோசிக்க வேண்டும், பிறகு எதிர்த்துப் பேச வேண்டும், பேசினால் அவர் இன்னொரு காரணம் சொல்வார். நாயகிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வந்த கால் வலித்தது. இந்த வருடம் ஜூலையில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதும் ஒரு ஓரமாக ஞாபகம் வந்தது, அதைப் பொய்யென்று சொல்லக் கூடாது.

"சரி சார்" என்றாள்.

டாக்டர் மிகவும் நன்றி என்றார். மனதாரச் சொன்னார்.

வெளியே வந்து வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். இரண்டாவது வளைவில் நின்றுவிட்டாள். சற்று முன்பு தன் வாயிலிருந்து வந்ததை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று யாராவது கேட்டால், தொப்பியே இல்லாமல் சொல்லிவிடுவாள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை அணைந்துபோயிருக்கிறாள். அந்தப் பெரிய மனிதர் அதைச் சம்மதம் என்றே நம்பி, நிம்மதியாக அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். பத்தொன்பது வருடமாகத் தன்னைச் சுற்றியிருந்தவர்களும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இவள்தான் சரி என்று சொல்லியிருக்கிறாளே.

தவமணி என்ன செய்வாள்? படிக்கட்டில் நிற்கக்கூட அவளுக்கு வழியில்லை. நாயகி கைபேசியை எடுத்து இர்ஷாத்தை அழைத்தாள். கருவிக்கான திருத்தத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் வார்டுக்கு வரச் சொன்னாள். டாக்டர் ஒப்புக்கொண்டாரா என்று அவன் கேட்டான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நான்தான் அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன், அது செல்லாது என்றாள். மறுமுனையில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு இர்ஷாத், ஒரு மணிக்குள் வருகிறேன் என்றான்.

வார்டில் அருளப்பன் மனைவியின் கால் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் கம்பியாளாக இருந்து ஓய்வு பெற்றவர், கனத்த கை. மறுநாளைக்காகத் தவமணியின் தலையை ஏற்கெனவே மழித்திருந்தார்கள். மூன்று பழைய வெட்டுத் தழும்புகளும் வெள்ளையாகத் தெரிந்தன. நாயகி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். ஆனாலும் பந்தி, பாயசம், இலை என்று முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருந்தது. தாளைக் காட்டினாள். ஒன்பது என்ற எண்ணைக் காட்டினாள். உங்கள் மனைவி எந்த ஆபரேஷனுக்கும் சரி என்று சொல்லவில்லை, நான்தான் கருவிக்குத் தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்றாள். அவர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்துச் சுவரை ஒட்டி நின்றாள்.

அருளப்பன் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தெரியும் மேடம்" என்றார்.

நாயகி தாளை மடித்தாள்.

"முப்பத்தோரு வருஷம் மேடம். அவ சொல்ற சரி எந்தச் சரின்னு எனக்குத் தெரியாதா? கலியாணம் ஆன புதுசுலயே தெரியும். எங்கம்மாவ எங்ககூட வச்சிக்கிடலாமான்னு கேட்டேன். வேணாம்னா. மறுபடி கேட்டேன். மூணாவது தடவ சரின்னுட்டா. கடைய வித்துடலாமான்னு கேட்டப்பவும் அப்புடித்தான். நல்லவேள அப்ப ஆள் கெடைக்கல. வாய் ஓயாமப் பேசுவா, ஆனா நான் மூணு தடவ கேட்டா விட்ருவா. அது தெரிஞ்சுதான் நான் எப்பவும் மூணு தடவ கேப்பேன். உங்க மிஷினும் அதையே காட்டுச்சா, சரியாத்தான் வேல செய்யுதுன்னு நெனச்சேன்."

அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

"அவ ஒரு வார்த்த பேசிக் கேக்கணும் மேடம். என்னைய நல்லாத் திட்டணும். உன்னால என் காது போச்சுடா பாவின்னு ஒரு தடவ அவ வாயால திட்டிட்டான்னா போதும். அதுக்காகத்தான் கேட்டேன். அவளுக்காகன்னு உங்ககிட்ட நான் சொன்னதெல்லாம் பொய்."

இர்ஷாத் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கருவியின் பின்மூடியைக் கழற்றி ஏதோ செருகினான். விளக்கு மூன்று முறை மின்னி நின்றது. இனி இது மூன்றாவது கேள்விக்காகக் காத்திருக்காது, ஒவ்வொரு பதிலையும் அப்படியே சொல்லிவிடும் என்றான். பச்சை எரிந்தால் அது விருப்பம் மட்டும்தான். விட்டுக்கொடுத்தால் எந்த விளக்கும் எரியாது. அருளப்பன் கேட்கட்டும் என்று நாயகி சொன்னாள். கேட்காமலே ஆபரேஷனை நிறுத்தினால் அதுவும் தவமணிக்குப் பதிலாக இன்னொருத்தி முடிவெடுத்த கதைதான். அவள் வேண்டும் என்றே சொல்லலாம். வாக்கியமாகப் பேச யாருக்குத்தான் ஆசை இருக்காது? அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நாயகிக்கு ஒரு நப்பாசை இருந்தது. செய்த தப்பு கொஞ்சம் சிறிதாகிவிடும்.

அருளப்பன் கட்டிலைச் சுற்றி வலது பக்கம் வந்தார். குனிந்தார். வழக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டு பேசுபவர், இன்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தவம். நாளைக்கு ஆபரேஷன். பண்ணலாமா, வேணாமா?"

சிவப்பு. கேள்வி முடிந்த அடுத்த நொடியே எரிந்தது. "வேண்டாம்" என்றது கருவி.

அவர் குனிந்தது குனிந்தபடியே இருந்தார். உதடு பிரிந்து மூடியது, மறுபடி பிரிந்தது. இன்னொரு தடவை கேட்டாலும் சிவப்பு எரியும். அதற்கு மேலும் ஒரு தடவை கேட்டால் தவமணி களைத்துவிடுவாள், விளக்கு இருண்டுவிடும். கணவர் சம்மதம் என்று ஒரு கையெழுத்து, அது போதும் வியாழக்கிழமைக்கு. டாக்டர் மறுக்கப் போவதில்லை. முப்பத்தோரு வருடப் பழக்கத்தை ஒருவர் கையைக் கட்டிக்கொண்டதாலேயே விட்டுவிட முடியுமா? இர்ஷாத்தும் கருவியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி புள்ள" என்றார் அருளப்பன்.

அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் அழவில்லை. கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட எண்ணெயை எடுத்துக்கொண்டார். ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நாயகியிடம் கேட்டார். அவள் படிவத்தை எடுத்தாள். மற்ற நாற்பது பேர் வீட்டுக்கும் எழுத வேண்டிய கடிதத்தை அதன் பின்பக்கத்திலேயே ஆரம்பித்தாள், அலுவலகத்துக்குப் போனால் யாராவது மூன்று தடவை கேட்டுவிடுவார்கள் என்று பயந்து.

கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு விளக்கு அணைந்தது. கருவி அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தது. யாரும் கேட்கவில்லை.